மூலமும் வார்ப்புருவும்: இரு கோப்புகளிடை வழிதேடிய வரலாறு

மூலமும் உரையும் தனித்தனி ஏடுகளில் எழுதப்பட்டிருந்த காலத்தில், உரையைப் படிப்போன் அதற்குரிய செய்யுளைக் கண்டடையச் செய்யுளின் முதற்குறிப்பே துணைநின்றது. ஏட்டின் எண் படியெடுப்போன் கையில் மாறிவிடும். செய்யுளின் தொடக்கச் சொற்கள் அத்துணை எளிதில் மாறா. கணனி நிரலாளர் தம் கோப்புகளிடையே வழிதேட முற்பட்டபோதும் இதே வினாவே வேறு கோலத்தில் எழுந்தது.

1970களின் இறுதியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்து யுனிக்ஸ் தொகுதியில் ‘சீராக்ஸ்’ என்னும் சிறு நிரல் இடம்பெற்றது. அதனை எழுதியவர் கென் ஆணல்ட். நிரலுறுப்பின் பெயர், அது உறையும் கோப்பு, அவ்விடத்தைக் கண்டுபிடிக்க உதவும் வாசகம் என்னும் மூன்றையும் அது ஒரு பட்டியலில் பதிந்துவைத்தது. வரியின் எண்ணைக் காட்டிலும் வரியின் வாசகத்தையே அது பெரிதும் நம்பிற்று. மேலே பத்து வரிகள் புதிதாய்ச் சேர்ந்தாலும் வாசகம் வாசகமாகவே இருக்குமன்றோ? நம் உரைமரபின் முதற்குறிப்பு முறையே இது எனல் மிகையாகாது.

நிரலையும் அதன் தோற்றத்தையும் பிரித்துவைக்கும் எண்ணமும் அக்காலத்ததே. நோர்வே நாட்டவரான ட்றிக்வே றீன்ஸ்கோக், அமெரிக்காவின் செறொக்ஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வேளையில், தரவு, தோற்றம், கட்டுப்பாடு என மூவகைப் பகுப்பினை 1979இல் வகுத்துரைத்தார். ஆயின் இணையப் பக்கங்கள் தோன்றியபோது இப்பகுப்புப் பேணப்படவில்லை. 1995இல் வெளிவந்த பீ.எச்.பீ.யில் பக்கமும் நிரலும் ஒரே கோப்பிற் கலந்தே கிடந்தன. அக்கலப்பின் தொல்லை மிகவே, மூலக் கோப்பு ஒருபுறமும் வார்ப்புரு மறுபுறமுமாகப் பிரிந்தன. பிரிந்தபின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழி வேண்டியதாயிற்று.

2004இல் வெளியான றெயில்ஸ் இதற்குப் பெயர் வழக்கையே விடையாக அளித்தது. கட்டுப்பாட்டுக் கோப்பின் பெயரும் அதனுள் அமைந்த செயலின் பெயரும் தெரியின், வார்ப்புரு எந்த அடைவில் எப்பெயருடன் இருக்கும் என்பது தானே பெறப்படும். ரிம் போப் என்பார் விம் எடிற்றருக்கென எழுதிய செருகுநிரல் இவ்வழக்கையே பற்றுக்கோடாகக் கொண்டு இரு கோப்புகளிடையே தாவியது. அடுத்த ஆண்டு வெளியான ஜாங்கோவிலோ வார்ப்புருவின் பெயரை நிரலாளரே மூலத்தில் எழுதுதல் வேண்டும். அப்பெயர் இயங்கும் வேளையிலே கட்டியமைக்கப்படுமாயின், நிரலை வெறுமனே நோக்கும் எடிற்றர் அதனை எங்ஙனம் அறியும்?

தாவல் பழுதுறும்போது நிரலாளர் முதலிற் குறைகூறுவது செருகுநிரலையே. பெரும்பாலும் குறை வேறிடத்தது. திட்டத்தின் வேர் அடைவைத் திறவாது உள்ளடைவொன்றைத் திறந்துகொண்டால், வழி முழுவதும் பிறழ்ந்துவிடும். விண்டோஸ் இயல்பாகப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை, லினக்ஸ் பாராட்டும். ஆதலின் வீட்டில் இயங்கிய தாவல் அலுவலகத்தில் நின்றுபோகும். எனினும் இவற்றினும் வலியது எழுத்துக்கூட்டற் குழப்பமே. கொழும்பின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு வார்ப்புரு அமைப்பதாகக் கொள்வோம். வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் எழுதுவோருள் ஒருசாரார் ஈற்றில் ‘ஏ’ எழுத்தையும் ஒருசாரார் ‘ஈ’ எழுத்தையும் இடுவர், இரண்டும் வழக்கிலுள்ளவையே. கொட்டாஞ்சேனையின் நிலை இன்னும் வேறு. தமிழ்ப் பெயரை ஒலிபெயர்த்தால் வருவது ஒன்று; சிங்களத்தின் ‘கொட்டஹேன’ வழியாக ஆங்கிலத்தில் நிலைத்தது மற்றொன்று. அஞ்சற்காரர் இரண்டும் ஓரூரே என அறிவார். செருகுநிரல் அறியாது.

2016இல் மைக்றோசொவ்ற் நிறுவனம் றெட் ஹற், கோடென்வி ஆகியவற்றுடன் இணைந்து மொழிச் சேவையக நெறிமுறையை அறிவித்தது. ஒரு மொழியை நன்கறிந்த சேவையகம் எந்த எடிற்றருக்கும் விடைகூறலாம் என்பது அதன் கருத்து. ஒரு மொழிக்குள் தாவுதல் இதனாற் பெரிதும் செப்பமடைந்தது. ஆனால் மூலம் ஒரு மொழி, வார்ப்புரு வேறொரு மொழி. இரண்டின் எல்லையில் நின்று பேசுதற்கு இரண்டையும் அறிந்த தனிச் சேவையகம் வேண்டும். அங்குலர் தனக்கென அத்தகைய ஒன்றை வைத்துக்கொண்டது. இவ்விடர் கொழும்பிலே வேறு வகையாக அணுகப்பட்டது. 2005இல் நிறுவப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ. 2 நிறுவனத்தில் சஞ்சீவ வீரவரண முதலானோர் உருவாக்கிய பலரினா மொழியில் எழுத்துருவும் வரைபடமும் ஒரே நிரலின் இரு தோற்றங்களே. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இரண்டாவது கோப்பே அங்கில்லை. 2019இல் அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. இணையப் பக்கங்களின் வார்ப்புருவுக்கு இத்தீர்வு பொருந்தாதெனினும், சிக்கலின் வேரைத் தொட்ட முயற்சி இதுவே எனலாம்.

இலங்கையில் இவ்வினா நிரலாளரோடு நின்றுவிடுவதன்று. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கருமமொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. ஆதலின் பொதுமக்களுக்கான ஒரு பக்கத்துக்கு மூலம் ஒன்றாயினும் வார்ப்புரு மூன்றாகலாம். சொற்களை மட்டும் தனிக் கோப்பில் வைக்கும் முறையும் உண்டு. படிவத்தின் அமைப்பே மொழிக்கு மொழி வேறுபடுங்கால் அது போதாது. ஒன்றுக்கு ஒன்றென எண்ணியமைக்கப்பட்ட செருகுநிரல் மூன்றில் ஒன்றையே திறக்கும். அது ஆங்கிலமாயின், நிரலாளர் அதனைத் திருத்திவிட்டு அகல்வார். கட்டணமோ கடைசி நாளோ மாறிய செய்தி தமிழ்ப் பக்கத்தை எட்டாது. கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய தொகையுடன் வந்து வரிசையில் நிற்பவர் தமிழ்ப் பக்கத்தை நம்பியவராகவே இருப்பார்.

ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகள் இருப்பின் அவற்றைப் பட்டியலாகக் காட்டும் வசதி இன்றைய எடிற்றர்களில் உண்டு. தமிழ்க் கோப்பு அப்பட்டியலில் இடம்பெற, மொழிக் குறியீடு மூன்று கோப்புகளிலும் ஒரே இடத்தில் அமைதல் வேண்டும். ஒருவர் அதனை அடைவின் பெயராக இட, இன்னொருவர் கோப்புப் பெயரின் ஈற்றிலே சேர்ப்பாராயின், முன்னர்க் கூறிய வெள்ளவத்தையின் ஈற்றெழுத்து நிலையே இங்கும் நேரும்.