சித்திரை ஒன்றா, தை ஒன்றா?

செஞ்சிப் பக்கம் வல்லத்தில் ஏதாவது டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். 2008-ல் கருணாநிதி அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது. 2011-ல் ஜெயலலிதா அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்து சித்திரையைத் திரும்பக் கொண்டுவந்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு இனத்தின் புத்தாண்டு இரண்டு முறை இடம் மாறியது!

தை கட்சிக்காரர்களின் வாதம் லேசானது அல்ல. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்களும் வடமொழி. அறுபது முடிந்ததும் மறுபடி பிரபவ என்று ஆரம்பித்தால், நூறு வருடக் கணக்கை எப்படி எழுதுவது? பேரேடு எழுதும் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் திருவள்ளுவர் ஆண்டு. ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டிக்கொண்டால் போதும்.

ஆனால் ஆண்டின் பெயர் வேறு, ஆண்டு பிறக்கும் நாள் வேறு. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாளே சித்திரை 1. மேஷத்தை முதலாக வைத்துச் சூரியன் சுற்றுவதை சங்க நூலான நெடுநல்வாடையே சொல்கிறது. சுமார் 1700 வருடங்களுக்கு முன்பு, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் நாளும் இதுவும் ஒன்றாகவே இருந்தன. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுவதால், ஏறக்குறைய 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளித் தள்ளி இப்போது ஏப்ரல் 14-ல் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கு தமிழர்களோடு நிற்கவில்லை. பௌத்தத்தோடும் இந்திய வானியலோடும் பர்மா, தாய்லாந்து, லாவோஸ் என்று போய், சீனாவின் யுன்னான் மாகாணம் வரை சேர்ந்தது. தாய்லாந்தின் ‘சொங்க்ரான்’ நம் சங்கராந்திதான். யுன்னானில் சிசுவாங்பன்னா பகுதியில் வாழும் தாய் இனத்தவருக்கும் (தாய்லாந்துக்காரர்களுக்கு உறவு முறை) ஏப்ரல் நடுவில்தான் புத்தாண்டு. புத்தர் சிலையை நீராட்டுவார்கள், மேகோங் ஆற்றில் படகுப் போட்டி விடுவார்கள், பிறகு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. நெருப்பு அரக்கன் ஒருவனை அவன் மனைவிகளே அவனது தலைமுடியால் கழுத்தை அறுத்துக் கொன்றார்களாம். தலை தரையில் விழுந்தால் தீப்பற்றும் என்பதால் ஏழு பெண்களும் முறை வைத்து அதைத் தாங்கினார்கள். அவர்கள் மேல் பட்ட ரத்தத்தைக் கழுவ ஊர் மக்கள் தண்ணீர் ஊற்றினார்களாம்!

யாழ்ப்பாணத்திலும் அன்று தண்ணீர் உண்டு, ஆனால் சாதுவாக. மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்து நீரைப் பெரியவர்கள் தலையில் வைப்பார்கள், பிறகு குளியல். தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில் சித்திரை பிறந்ததும் மாடுகளை அலங்கரித்துப் பொன்னேர் பூட்டுவார்கள். வீட்டில் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்த பச்சடி.

தை கட்சிக்கு அறுவடை, சித்திரை கட்சிக்கு முதல் உழவு. விவசாயிக்கு இரண்டுமே வேண்டும். தைச் சட்டம் நடப்பில் இருந்த வருடங்களில்கூட ஏப்ரல் 14 அன்று வீடுகளில் வேப்பம்பூ பச்சடி நிற்கவில்லை. சில தொலைக்காட்சிகள்தான் பாவம், என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ‘சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று போட்டுக்கொண்டிருந்தன.