பேரிடரின் அளவும் செய்தியின் அளவும்: பீகார், குவெட்டா, மேதினிபூர்

1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம். 1935 மே இறுதியில் குவெட்டாவில் நிலநடுக்கம். 1942 அக்டோபரில் வங்காளத்தின் மேதினிபூர்க் கடற்கரையில் புயல். ஒன்பது ஆண்டுகளுக்குள் பிரித்தானிய இந்தியா கண்ட பேரிடர்களுள் முதன்மையான மூன்று இவை. இறந்தோர் தொகையால் மிகப் பெரியது குவெட்டா. ஆனால் தேசிய வரலாற்று நூல்களில் விரிவான இடம் பெற்றது பீகார்தான். மேதினிபூர்ப் புயலைப் பற்றியோ, அது வீசி இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் செய்தி வெளியிட இதழ்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

சில பேரிடர்கள் பேசப்படுவதற்கும் சில பேசப்படாமல் போவதற்கும் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: இறப்பு எண்ணிக்கை, தொலைவு. இவ்விரண்டும் போதா என்பதை ஊடக ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியுள்ளன. 1968 முதல் 2002 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 5,000 பேரிடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடு ஒப்பிட்டு ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் ஆகிய இரு பொருளியலறிஞர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பலரும் அறிந்தது. எரிமலை வெடிப்பில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பற்றாக்குறையில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தால்தான் கிடைக்கிறது என்பது அவர்களின் கணிப்பு. ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் நாள்களில் நேரும் பேரிடர்களுக்குச் செய்தியும் குறைகிறது, அதன் வழியே அமெரிக்க அரசின் உதவியும் குறைகிறது என்றும் அவர்கள் நிறுவினர்.

ஆனால் இவ்வாய்வு, நிருபர் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்ற நிலையை எடுத்துக்கொண்டு, அதன்பின் அவர் எதைத் தேர்கிறார் என்று கேட்கிறது. காலனிய இந்தியாவின் வரலாறு அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை முன்வைக்கிறது: செய்தி அவ்விடத்தைவிட்டு வெளியே வர முடிந்ததா? வந்ததென்றால், அதைச் சுமந்துவந்தவர் யார்? மேற்சொன்ன மூன்று நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேரிடரின் ஆற்றலைக் காட்டிலும் அதன் பெயரால் பேச உரிமை பெற்றிருந்தவர்களே செய்தியின் அளவைத் தீர்மானித்தனர் என்பது புலப்படும்.

முதலில் பீகார். 1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் நிலம் அதிர்ந்தது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிந்தன. பீகாரில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு கணக்கிட்டது. அப்போது சிறைக்கைதியாக இருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டு நாள்களில் விடுதலையானார். பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. மறுபுறம் வைசிராயின் பெயரால் ஒரு நிவாரண நிதி தொடங்கப்பட்டது. ஒரே துயரத்துக்கு இரண்டு நிதிகள், இரண்டு வேண்டுகோள்கள், இரண்டு கணக்குகள். நன்கொடை கேட்பவர் எவராயினும் அழிவை விவரித்தாக வேண்டும். அவ்விவரிப்புகள் இதழ்களை நிறைத்தன. ஜவாஹர்லால் நேரு இடிபாடுகளிடையே சுற்றிவந்தார். தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்திருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இந்நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்தெழுத, அம்மறுப்பைக் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். இவ்வாறு ஒரு புவியியல் நிகழ்வு, அறிவியலும் அறமும் குறித்த தேசிய விவாதமாக மாறிற்று. இன்றும் அந்த நிலநடுக்கத்தை நம்மிற் பலர் அறிவது இவ்விவாதத்தின் வழியாகவே.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நிலநடுக்கத்தின் மையம் கிழக்கு நேபாளத்தில் இருந்ததெனப் பிற்கால ஆய்வுகள் கொள்கின்றன. நேபாளத்தில் இறந்தோர் 8,500க்கும் மேல். பீகாரின் அரசுக் கணக்கைவிடக் கூடுதல். ஆயினும் இந்தியாவில் அது நெடுங்காலம் ‘பீகார் நிலநடுக்கம்’ என்றே வழங்கிவந்தது. ராணா ஆட்சியின் கீழிருந்த நேபாளத்தில் அரசின் ‘கோர்க்காபத்ரா’ இருந்ததேயன்றி, அரசைக் கேள்வி கேட்கும் இதழோ, போட்டி நிதி திரட்டும் கட்சியோ இல்லை. ஒரே அதிர்வு எல்லைக்கு இப்பால் வரலாறாயிற்று. அப்பால் அரசுப் பதிவாக நின்றது.

அடுத்த ஆண்டு குவெட்டா. 1935 மே 31 விடியற்காலை, ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் நகரம் தரைமட்டமாயிற்று. இறந்தோர் 30,000 முதல் 60,000 வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. குறைந்த மதிப்பீட்டைக் கொண்டாலும் பீகாரைப்போல் நான்கு மடங்கு. ஆனால் குவெட்டா ஆப்கானிய எல்லைக்கு அருகிலிருந்த இராணுவத் தளம். மீட்புப் பணியை மேற்கொண்ட இராணுவம் நகரை மூடியது. கொள்ளைநோய் பரவும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உயிர்பிழைத்தவர்கள் இரயில்களில் பஞ்சாபுக்கும் சிந்துவுக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டின் காங்கிரஸ் தலைவரான ராஜேந்திர பிரசாத்துக்கும் காந்திக்கும் குவெட்டா செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. அரசின் செயலைக் குறைகூறிய இதழ்கள் சிலவற்றின் மீது பத்திரிகைச் சட்டம் பாய்ந்தது. பீகாரில் நிவாரணப் பணி காங்கிரசுக்குத் தேடித்தந்த மதிப்பை ஆட்சியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள் என்று கருத இடமுண்டு. குவெட்டாவைப் பற்றிச் செய்திகள் வரத்தான் செய்தன. ஆனால் பெரும்பாலும் ஒரு குரலில், இராணுவத்தின் கடமையுணர்வைப் போற்றும் குரலில் வந்தன. செய்தி இருந்தது, விவாதம் ஒடுக்கப்பட்டது.

மூன்றாவது மேதினிபூர். 1942 அக்டோபர் 16, துர்கா பூஜை நாள்கள். காந்தி, தாம்லுக் பகுதிகளைப் புயலும் அதனோடு எழுந்த கடல் அலைகளும் மூடின. (இங்குக் காந்தி என்பது ஊர், ஆங்கில ஆவணங்களில் கோண்டாய்.) 14,500 மனிதர்களும் 1,90,000 கால்நடைகளும் மடிந்ததாகப் பின்னர்ப் பஞ்ச விசாரணைக் குழு பதிவு செய்தது. செய்தியை மறைக்க அரசுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது வெளிப்படையானது: போர்க்காலத்தில் வானிலைச் செய்தி பகைவருக்குப் பயன்படும். இரண்டாவது அரசியல் சார்ந்தது: வெள்ளையனே வெளியேறு இயக்கம் மிகத் தீவிரமாக இருந்த மாவட்டம் அது. புயலுக்குப் பதினேழு நாள் முன்பு, செப்டம்பர் 29 அன்று, தாம்லுக்கில் மாதங்கினி ஹாஸ்ரா காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர வங்காளத்தின் படகுகளை அரசு முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால், மீட்புக்குப் படகுகளும் போதவில்லை. கிளர்ச்சி செய்த மாவட்டத்துக்கு நிவாரணம் வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வங்காள நிதியமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி நவம்பரில் பதவி விலகியதற்கு மேதினிபூர் நிலைமையும் ஒரு காரணம்.

இந்த மௌனத்தின் விலையை அடுத்த ஆண்டு காட்டியது. அப்புயல் குளிர்கால நெற்பயிரை அழித்த பகுதிகள் 1943 பஞ்சத்தில் மிகக் கொடிய துன்பத்துக்கு உள்ளாயின. அப்பஞ்சமும், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தா வீதிகளின் படங்களை வெளியிட்ட பிறகே உலகின் கண்ணில் பட்டது. கிராமங்களில் மடிந்தபோது செய்தியாகாதவர்கள், நடந்து நகரத்துக்கு வந்து மடிந்தபோது செய்தியானார்கள்.

தணிக்கை நீங்கிய விடுதலை இந்தியாவில் நிலை மாறியதா? 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் அரசுக் கணக்குப்படி ஏறத்தாழ 9,900 பேர் இறந்தனர். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் நிலநடுக்கத்தில் இறந்தோர் ஏறத்தாழ 13,800. இரண்டும் ஒத்த அளவிலானவை. ஆனால் பின்னதற்குக் கிடைத்த கவனமும் பன்னாட்டு உதவியும் பன்மடங்கு. ஒடிசாவில் புயல் தொலைத்தொடர்பையே அறுத்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமாவிலிருந்து அழிவின் அளவு வெளியே தெரியச் சில நாள்கள் ஆயின. குஜராத்திலோ கட்ச் பகுதியோடு, இதழ் அலுவலகங்களும் தொலைக்காட்சி நிருபர்களும் நிறைந்த அகமதாபாத் நகரின் அடுக்குமாடிகளும் சரிந்தன. கடல்கடந்த குஜராத்தியர் தம் நாடுகளின் ஊடகங்களிலும் நாடாளுமன்றங்களிலும் பேசக்கூடியவர்களாக இருந்தனர். எர்சமாவின் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் அத்தகைய உறவினர் இல்லை.

தொலைவுதான் காரணம் என்போருக்கு 2022 ஜூன் மாத அசாம் நல்ல மறுமொழி. அம்மாதம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டனர். சில்சர் நகரம் பல நாள்கள் நீரில் கிடந்தது. அதே நாள்களில் தேசியத் தொலைக்காட்சி நிருபர்கள் அசாமின் குவஹாத்தியில்தான் குழுமியிருந்தனர். மகாராஷ்டிரத்தின் அதிருப்திச் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கியிருந்த நட்சத்திர விடுதியின் வாசலில். ஒளிப்படக்கருவி அசாமை எட்டியிருந்தது. வெள்ளத்தின் பக்கம் அது திரும்பவில்லை. ஆண்டுதோறும் வருவது செய்தியாகாது என்ற தொழில்மரபு, 1942இன் தணிக்கை ஆணை செய்த வேலையில் ஒரு பகுதியை ஆணையின்றியே செய்துவிடுகிறது.

இக்கவனக் குறைவு சட்டத்திலும் படிகிறது. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து உதவி பெறத்தக்கவையாக அறிவிக்கப்பட்ட 12 பேரிடர்களின் பட்டியலில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பனிச்சரிவும் இருந்தன. பிரம்மபுத்திரா கரையோர நிலத்தையும் ஊர்களையும் ஆண்டுதோறும் விழுங்கும் ஆற்றரிப்பு அதில் இடம்பெறவில்லை. வெப்ப அலையும் இடம்பெறவில்லை. ஒரு நொடியில் நிகழ்ந்து இடிபாட்டைக் காட்டுபவை எளிதில் பேரிடராகின்றன. மெல்ல நிகழ்ந்து எதையும் மிச்சம் வைக்காதவை தனிமனிதத் துரதிர்ஷ்டமாகவே எண்ணப்படுகின்றன.

இதனால் தேசிய ஊடகக் கவனமே எல்லாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 1958 முதல் 1992 வரையிலான இந்திய மாநிலங்களை ஆராய்ந்து பெஸ்லி, பர்ஜெஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட கட்டுரை, நாளிதழ் விற்பனை மிகுந்த மாநிலங்களில் அரசு பேரிடருக்கு விரைந்து செவிசாய்க்கிறது என்று காட்டியது. அவ்விளைவு ஆங்கில இதழ்களைவிட வட்டார மொழி இதழ்களிடமே வலுவாகக் காணப்பட்டது என்பது நாம் கருதத்தக்கது. ஒடிசாவும் 1999க்குப் பின் டெல்லியின் நினைவை நம்பி இருந்துவிடவில்லை. தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மை அமைப்பை உடனே உருவாக்கியது. 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது.

வரலாறு பயில்வோருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பேரிடர் வரலாற்றை எழுத நாம் முதலில் நாடுவது நாளிதழ்த் தொகுப்புகளையே. அவை இணையத்தில் சொல்தேடலுக்கு ஏற்ப வந்துவிட்ட இக்காலத்தில் அப்பழக்கம் இன்னும் வலுப்பட்டுள்ளது. எத்தனை முறை ஓர் இடரின் பெயர் வருகிறது என்று எண்ணி அதன் முக்கியத்துவத்தை அளப்பவர், தணிக்கையாளரின் கணக்கையே தம் கணக்காக எடுத்துக்கொள்கிறார். 1942 அக்டோபர் இறுதி இதழ்களில் மேதினிபூர் இல்லை என்பது அங்கு ஒன்றும் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. நிகழ்ந்ததை எவர் மறைக்க முடிந்தது என்பதற்கே சான்று. நிலவரித் தள்ளுபடிக் கோப்புகள், மாவட்ட மரணப் பதிவேடுகள், இரயில்வே பதிவுகள், தாம்லுக் தேசிய அரசின் தலைமறைவு இதழான ‘விப்லபி’ போன்றவை, வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றோடு நாளிதழை ஒப்பிடும்போதுதான் அம்மௌனம் தெரியவரும். எந்தப் பேரிடரை ஆராயப் புகுந்தாலும், எத்தனை பேர் இறந்தனர் என்ற கேள்வியோடு, அந்த எண்ணை முதலில் சொல்ல எவருக்கு உரிமை இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.