‘நியாயமில்லாமல்’: மத்தேயு 5:22இன் பாடவேறுபாடும் சினம் பாவமா என்னும் கிறித்தவ விவாதமும்

ஆய்வுச்சுருக்கம்

சினம் தன்னளவிலேயே பாவமா, காரணமற்ற சினம் மட்டுமே பாவமா என்னும் வினா கிறித்தவச் சிந்தனை வரலாற்றில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. மத்தேயு நற்செய்தி 5:22இல் ‘காரணமின்றி’ எனப் பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல் சில சுவடிகளில் இடம்பெற்றும் சிலவற்றில் இடம்பெறாமலும் இருப்பது இவ்விவாதத்தோடு பிணைந்துள்ளது. 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான சிந்தனையாளர்கள் இச்சொல்லைக் கையாண்ட முறையையும், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் அதன் தொடர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. விவாதத்தின் மையம் சொல்லின் இருப்பில் இல்லை. சினத்தின் காரணத்தை மதிப்பிடும் உரிமை யாருடையது என்பதிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சினம், மத்தேயு நற்செய்தி, பாடவேறுபாடு, காசியான், அகுஸ்தீன், அக்குவினாஸ், தமிழ் விவிலியம்

முன்னுரை

கிறித்தவ மரபில் தலையான பாவங்கள் ஏழு எனக் கொள்ளும் வழக்கில் சினமும் ஒன்று. ஆயினும், அம்மரபின் மறைநூலே சினத்தைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. மலைப்பொழிவில் இயேசு சினத்தைக் கொலையோடு ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறார். மாற்கு 3:5இல் அவரே தொழுகைக்கூடத்தில் இருந்தோரைச் சினத்துடன் நோக்கியதாகக் கூறப்படுகிறது. மத்தேயு 5:22இல் பிறரை ‘மூடன்’ என இகழ்வது தண்டனைக்குரியது; அதே நற்செய்தியின் 23:17இல் பரிசேயர்களை இயேசு அதே கிரேக்கச் சொல்லால் விளிக்கிறார். யாக்கோபின் திருமுகம் மனிதச் சினம் இறைநீதியை நிறைவேற்றுவதில்லை என்கிறது. எபேசியர் 4:26 சினங்கொள்ளும் நிலையிலும் பாவம் செய்யாதிருக்க அறிவுறுத்துகிறது. இவ்விறுதிக் கருத்து 4ஆம் திருப்பாடலின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தாளப்பட்டது. அத்திருப்பாடலின் எபிரேய வினைச்சொல் ‘நடுங்குதல், கலங்குதல்’ என்னும் பொருளையும் உடையது. எனவே, சினத்திற்கு இடமளிக்கும் முதன்மையான சான்றிலும் மொழிபெயர்ப்பாளரின் தெரிவு கலந்துள்ளமை நோக்கத்தக்கது.

சுவடிகளும் ஒரு சொல்லும்

மத்தேயு 5:22இல் சிக்கலுக்குரிய சொல் ‘எய்கே’ என்பதாகும். ‘வீணாக’, ‘காரணமின்றி’ என்பன அதன் பொருள்கள். 200ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கருதப்படும் பாப்பிரசுத் துண்டிலும், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும் இச்சொல் இல்லை. அதே நூற்றாண்டின் சீனாய்ச் சுவடியிலும் முதலில் எழுதியவர் இதனை எழுதவில்லை. பின்வந்த திருத்துநர் ஒருவரே சேர்த்துள்ளார். மறுபுறம், பெசா சுவடி, பழைய இலத்தீன் மொழிபெயர்ப்புகள், சிரியாக் மொழிபெயர்ப்புகள், பிற்காலக் கிரேக்கச் சுவடிகளுள் பெரும்பாலானவை ஆகியவற்றில் இச்சொல் காணப்படுகிறது.

இச்சொல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பதே இக்கால மூலபாட ஆய்வாளர் பலரின் கருத்து. கடுமையான கட்டளையை மென்மையாக்க ஒரு சொல்லைச் சேர்க்கும் வாய்ப்பு, இருக்கும் சொல்லை நீக்கும் வாய்ப்பைவிட மிகுதி என்பது அவர்தம் வாதம். எனினும், 2ஆம் நூற்றாண்டின் இரேனேயுவே இச்சொல் அமைந்த பாடத்தை அறிந்திருந்தார். எனவே, சேர்க்கை எனக் கொண்டாலும் அது மிகத் தொன்மையானது. சினத்தை முற்றாகத் தடைசெய்வதா, வரையறுப்பதா என்னும் தயக்கம் கிறித்தவத்தின் முதல் இரு நூற்றாண்டுகளுக்குள்ளேயே தோன்றிவிட்டது என இதனால் உய்த்துணரலாம்.

வேரோடு களைதல்: துறவியர் நிலைப்பாடு

கிறித்தவத்திற்கு முன்பே கிரேக்க, உரோமைச் சிந்தனையில் இவ்வினா எழுந்திருந்தது. அரிஸ்டாட்டில் உரிய காரணத்திற்கு, உரியவரிடம், உரிய அளவில் கொள்ளும் சினத்தை ஏற்றார். முதல் நூற்றாண்டின் செனெகா சினம் குறித்து எழுதிய நூலில் அதனை அடக்குவது போதாது, அகற்றவேண்டும் என்னும் ஸ்டோயிக் நிலைப்பாட்டை விரித்துரைத்தார். எகிப்தியப் பாலைநிலத் துறவியரின் சிந்தனை இப்பிந்தைய நிலைப்பாட்டிற்கு நெருக்கமானது. 399இல் மறைந்த எவக்ரியஸ் மனத்தைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் சினத்தையும் வைத்தார். இறைவேண்டலுக்குப் பெருந்தடை அதுவே என்றார். சினத்தின் ஆற்றல் தீய ஆவிகளை எதிர்ப்பதற்கே உரியது, உடன்பிறப்பின்மீது திருப்புவதற்குரியதன்று என்பது அவர் கருத்து.

இம்மரபை மேற்குலகிற்குக் கொணர்ந்தவர் யோவான் காசியான். 420ஆம் ஆண்டை ஒட்டித் துறவியர்க்கு எழுதிய நூலின் 8ஆம் பகுதியைச் சினத்திற்கே ஒதுக்கினார். கண்மீது வைக்கப்படும் தகடு பொன்னாயினும் ஈயமாயினும் பார்வையை மறைப்பதில் வேறுபாடில்லை என்பது அவருடைய உவமை. நேரிய சினமும் தீய சினமும் அகப்பார்வையை ஒருங்கே மறைக்கும் என்பது இதன் உட்பொருள். மனிதரை விட்டுத் தனித்து வாழ்வதனாலும் சினம் தீராது என்பதற்குத் தம் பாலைநில வாழ்க்கையையே அவர் சான்றாக்குகிறார். எழுதுகோல் பருமனாகவோ மெலிதாகவோ இருந்தாலும், கத்தி மழுங்கியிருந்தாலும், சிக்கிமுக்கிக் கல்லில் பொறி உடனே எழாவிட்டாலும், சினங்கொள்ள ஆளில்லாத இடத்தில் அப்பொருள்கள்மீதே தமக்குச் சினம் மூண்டதாக ஒப்புக்கொள்கிறார். சினத்தின் காரணம் வெளியே இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இந்நிலைப்பாட்டிற்கு மத்தேயு 5:22இன் குறும்பாடம் இன்றியமையாததாயிற்று. ‘காரணமின்றி’ என்பது மிகையான சொல் என்றும், நேரிய சினம் நீக்கப்படவேண்டியதன்று எனக் கருதியோர் அதனைச் சேர்த்தனர் என்றும் காசியான் எழுதினார். அவருக்கு முன்பே, 398இல் எழுதிய மத்தேயு உரையில், உண்மையான சுவடிகளில் இச்சொல் இல்லை என்றும் அதனை அழித்துவிடவேண்டும் என்றும் ஜெரோம் கூறியிருந்தார். இவ்விருவரிடத்தும் சுவடியாய்வும் அறக்கோட்பாடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சினத்திற்கும் ஒரு பணி

இதற்கு மாறான போக்கும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைவனின் சினம் குறித்து நூலெழுதிய லாக்டான்சியஸ், தீமையைக் கண்டு சினவாத இறைவன் நன்மையை விரும்புபவனாகவும் இருக்கமுடியாது என வாதிட்டார். மனிதச் சினமும் தவறு செய்வோரைத் திருத்துவதற்காக இறைவனால் அளிக்கப்பட்டதே என்றார். இறைவனின் சினத்தை எழுத்துப்படி பொருள்கொள்வதைக் காசியான் மறுத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

செசரியாவின் பேசில், சினத்தை ஆன்மாவின் நரம்பு என்றார். அறிவின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் படைவீரனைப்போல் அது நன்மைக்குத் துணைநிற்கும் என்பது அவர் விளக்கம். யோவான் கிறிசோஸ்தோம் ‘காரணமின்றி’ என்னும் சொல் அமைந்த பாடத்தையே தம் மத்தேயு மறையுரையில் பின்பற்றினார். சினத்திற்குரிய வேளை எது என வினவும் அவர், தனக்காகப் பழிவாங்காமல், வரம்பு மீறுவோரைத் தடுப்பதற்கும் சோம்பியிருப்போரை எழுப்புவதற்கும் கொள்ளும்போதே அது பயனுள்ளது என விடை தருகிறார். ஆகவே, நெடும்பாடத்தை ஏற்றோரும் சினத்திற்குக் கட்டற்ற உரிமை வழங்கவில்லை.

அகுஸ்தீனின் திருத்தம்

இவ்விவாதத்தில் அகுஸ்தீனின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. 394ஆம் ஆண்டை ஒட்டி மலைப்பொழிவிற்கு உரை எழுதியபோது அவர் ‘காரணமின்றி’ என்னும் சொல் அமைந்த இலத்தீன் பாடத்தையே பயன்படுத்தினார். வாழ்வின் இறுதிக் கட்டத்தில், 426–427இல், தம் நூல்களை மீளாய்வு செய்தபோது கிரேக்கச் சுவடிகளில் அச்சொல் இல்லை எனக் குறிப்பிட்டு அதனைத் திருத்தினார். ஆனால், பாடம் மாறியபோதும் பொருள் மாறவில்லை என்றார். உடன்பிறப்பின் பாவத்தின்மீது சினங்கொள்பவன் உடன்பிறப்பின்மீது சினங்கொள்வதில்லை என்பது அவர் தந்த காரணம். ‘காரணமின்றி’ என்னும் சொல் செய்த வேலையை இப்போது ‘உடன்பிறப்பின்மீது’ என்னும் சொல்லே செய்துவிடுகிறது. இறைநகர் குறித்த நூலிலும், இறைப்பற்றுடையோர் சினங்கொள்கின்றனரா என்பதைவிட ஏன் சினங்கொள்கின்றனர் என்பதே தம் மரபு எழுப்பும் வினா என்கிறார்.

எனினும், இவ்வினாவின் இடரை அகுஸ்தீன் அறியாதவரல்லர். 397ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மடலில், சினங்கொள்ளும் எவருக்கும் தம் சினம் நேர்மையற்றதாகத் தோன்றுவதில்லை என அவர் குறிப்பிடுகிறார். எனவே, நேரிய சினத்திற்குக்கூடக் கதவைத் திறவாதிருத்தலே நலம் என்பது அவருடைய அறிவுரை. கோட்பாட்டளவில் நேரிய சினத்தை ஏற்ற ஒருவர் நடைமுறையில் காசியானின் எச்சரிக்கையை நெருங்குவதை இங்குக் காணமுடிகிறது.

நீக்கப்பட்ட சொல்லின் மீள்வரவு

590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரி, யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் தீயொழுக்கத்தால் எழும் சினத்தையும் பற்றார்வத்தால் எழும் சினத்தையும் பிரித்தார். காசியானின் கண் உவமை அவரிடம் வேறுவகையில் அமைகிறது. நோயுற்ற கண்ணுக்கு இடும் மருந்து சிறிதுநேரம் பார்வையை மறைத்துப் பின் தெளிவாக்குவதுபோல், பற்றார்வச் சினம் அறிவைக் கலக்கிப் பின் தெளிவிக்கிறது; தீய சினமோ குருடாக்குகிறது. காசியானிடம் பொன்தகடும் மறைப்பே. கிரகோரியிடம் அது மருந்தாகிறது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இவ்விரு போக்குகளையும் தொகுத்தார். சினம் நாடும் பழிவாங்கல் நேர்மையற்றதாயினும், சினத்தின் வேகம் அளவு கடந்ததாயினும் அது பாவமாகும். அறிவின் வழி நின்று நீதியை நாடும் சினம் பாவமாகாது. தேவையான இடத்தில் சினங்கொள்ளாமையும் குறையே என அவர் மேலும் கூறுகிறார்.

அவர் காட்டும் சான்று இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அக்குவினாஸ் பயன்படுத்திய உல்காத்தா விவிலியத்தில் ‘காரணமின்றி’ என்னும் சொல் இல்லை. ஆயினும், சினங்கொள்ளல் ஆகுமா என்னும் வினாவிற்குக் கிறிசோஸ்தோம் பெயரால் வழங்கிய மத்தேயு உரை ஒன்றை அவர் மேற்கோளாக்குகிறார். காரணத்தோடு சினப்பவர் தீர்ப்புக்கு உள்ளாகார் என்றும், சினம் இல்லையேல் கற்பித்தல் பயன்தராது, தீர்ப்புகள் நிலைபெறா, குற்றங்கள் அடங்கா என்றும் அவ்வுரை கூறுகிறது. அது கிறிசோஸ்தோமின் நூலன்று. பெயரறியப்படாத ஒருவரின் இலத்தீன் நூல் எனப் பின்னர் அறியப்பட்டது. ஜெரோம் அழிக்கச் சொன்ன சொல், பிறர் பெயர் தாங்கிய உரை ஒன்றின் வழியே மேற்குலக அறவியலின் மையத்திற்கு மீண்டுவந்தது.

தமிழ் விவிலியத்தில்

எராஸ்மஸ் 1516இல் பதிப்பித்த கிரேக்கப் பாடம் பிற்காலச் சுவடிகளைச் சார்ந்தது. அதில் இச்சொல் உண்டு. அப்பாட மரபைச் சார்ந்த 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும், தமிழ்ச் சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் அது இடம்பெற்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது இடம்பெறவில்லை.

பழைய மொழிபெயர்ப்பு ‘காரணமில்லாமல்’ என்னாது ‘நியாயமில்லாமல்’ என்கிறது. அதே வசனத்தில் தண்டனையைக் குறிக்கும் சொல் ‘நியாயத்தீர்ப்பு’. கிரேக்கத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேர்த்தொடர்பு இல்லை. தமிழிலோ நியாயமின்றிச் சினப்பவர் நியாயத்திற்கு முன் நிற்கவேண்டியவராகிறார். காரணம் இருந்தும் நியாயம் இல்லாத சினமும் இத்தடைக்குள் அடங்கிவிடுகிறது. மென்மையாக்கும் சொல்லாகக் கருதப்பட்ட ஒன்று தமிழில் மீண்டும் கடுமை பெற்றது எனலாம்.

முடிவுரை

‘காரணமின்றி’ என்னும் சொல்லை நீக்கியோர் எல்லாச் சினத்தையும் மறுக்கவில்லை; காசியானும் தன் தீய எண்ணங்கள்மீது கொள்ளும் சினத்தை ஏற்றார். அச்சொல்லை வைத்துக்கொண்டோர் எல்லாச் சினத்தையும் ஏற்கவும் இல்லை. எனவே, சுவடிச் சான்று மட்டும் சினம் பாவமா என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. காரணத்தை மதிப்பிடுபவர் யார் என்பதே எஞ்சிய வினா. துறவியர் அவ்வுரிமையைச் சினங்கொண்டவரிடம் வழங்க மறுத்தனர். கிறிசோஸ்தோம் முதல் அக்குவினாஸ் வரையிலான போக்கு அதனைப் பெரும்பாலும் திருத்துவோர், கற்பிப்போர், தீர்ப்பிடுவோர் ஆகியோரிடம் வழங்கியது. மேற்காட்டிய எடுத்துக்காட்டுகள் யாவும் மேலிருந்து கீழ்நோக்கிய சினத்தையே சுட்டுகின்றன. தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகத் தானே சினங்கொள்பவரின் நிலை இவ்விரு போக்குகளிலும் ஐயத்திற்குரியதாகவே நின்றது. இம்மரபின் சினக் கோட்பாட்டை மதிப்பிடுவோர் பாவத்தின் அளவோடு, நியாயத்தைச் சொல்லும் உரிமை எவரிடம் வைக்கப்பட்டது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.