ஒத்துழைக்காதவர்

மாமா போனை நீட்டினார். அதில் ஒரு பி.டி.எஃப். புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். வங்கியில் ஒரு தவணை தவறியதில்லை. ஆனால் பண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தரமதிப்பீட்டு நிறுவனம் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: கடன் பெற்றவர் ஒத்துழைக்கவில்லை.

"மாப்ள, நான் என்னத்த ஒத்துழைக்கல? இதென்ன போலீஸ் கேஸா?"

நடந்தது இதுதான். 2008-09 வாக்கில் நம் வங்கிகள் பாசல் 2 விதிகளுக்கு மாறின. கடனுக்கு எதிராக வங்கி ஒதுக்கவேண்டிய மூலதனம், கடனாளியின் ரேட்டிங்கைப் பொறுத்தது என்றானது. அதன்பின் கோழிப்பண்ணை, நூற்பாலை, ரிக் வண்டி முதலாளி என எல்லோரிடமும் மேனேஜர்கள் ரேட்டிங் கேட்க ஆரம்பித்தார்கள். மாமாவும் கட்டணம் கட்டி ஒன்று வாங்கினார். 'பிபி'. அடுத்த வருடம் மறந்துவிட்டார். நினைவூட்டல்கள் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் வேலையைவிட்டுப் போன ஒரு பையனின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. புது வங்கிக்கு மாறலாம் என்று போனபோதுதான், அந்த மேனேஜர் இந்த பி.டி.எஃப்.பைக் காட்டியிருக்கிறார்.

கடன் கேட்பவனைப் பற்றி ஊரில் விசாரிப்பது புதிதல்ல. நியூயார்க்கில் பட்டு வியாபாரம் செய்த லூயிஸ் டாப்பன், 1837 நெருக்கடியில் அடிபட்டு, 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். ஊர் ஊராக வக்கீல்கள் எழுதி அனுப்பிய தகவல் தடித்த பேரேடுகளில் ஏறியது. பணம் கட்டிய வியாபாரி ஆபீசுக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம். 1909இல் ஜான் மூடி ரயில்வே பத்திரங்களுக்குத் தரம் போட்டுப் புத்தகமாக விற்றார். இரண்டிலும் காசு கொடுத்தவர் கடன் கொடுக்கப்போகிறவர். 1970களில் இது தலைகீழானது. கடன் வாங்குபவரே கட்டணம் கட்டினார். இந்தியாவில் 1987இல் கிரிசில் வந்தபோது இந்த ஏற்பாடுதான் நிலைத்தது.

நாமக்கல்லில் லாரி ஃபைனான்ஸ்காரர்கள் பேரேடே இல்லாமல் இதைச் செய்தார்கள். டிரைவராக இருந்தவன் சொந்த வண்டி எடுக்க வந்தால், பாடி கட்டும் பட்டறையில் கேட்பார்கள். டயர் கடையில் பாக்கி உண்டா என்று கேட்பார்கள். இரண்டு ஜாமீன், ஒரு புரோநோட்டு, ஆர்.சி. புக்கில் ஹெச்.பி. பதிவு. தப்பாகக் கணித்தால் அவர்கள் காசேதான் போகும். அந்த பயமே அவர்களுடைய தணிக்கை. ஆனால் அங்கே சாதியும் சொந்தமும் மதிப்பெண்ணாக இருந்தன. வெளியாள் ஒருவன் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவனுக்காகப் பேச ஆள் கிடையாது. எதற்காக மறுத்தார்கள் என்று கேட்கவும் முடியாது. காகிதத்துக்கு இந்த இடத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்தக் காகிதம் எப்படிப் பெருகியது? செபி 1999இல் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2016 நவம்பர் சுற்றறிக்கையில்தான், தகவல் தராதவர் பெயரோடு 'ஒத்துழைக்கவில்லை' என்று வெளிப்படையாகப் போடவேண்டும் என்றது. 2017இல், மாதாமாதம் 'தவணை தவறவில்லை' என்று கடனாளியிடம் எழுதி வாங்கச் சொன்னது.

பிறகு 2018. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமத்தை நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாமலே தெரியும். திருப்பூருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோன திட்டத்தில் தமிழக அரசோடு அதுவும் பங்காளி. மொத்தக் கடன் ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய். அந்தக் கோடையில் அதன் ரேட்டிங் 'ஏஏஏ'. செப்டம்பரில் 'டி', அதாவது கடனைக் கட்டவில்லை. அந்த மூன்று எழுத்தை நம்பிப் பணம் போட்டவர்களில் தொழிலாளர்களின் பி.எஃப். அறக்கட்டளைகளும் இருந்தன. மதிப்பிட்ட மூன்று நிறுவனங்களுக்கு 2019 டிசம்பரில் செபி போட்ட அபராதம் தலா 25 லட்சம்.

2018 நவம்பரிலும் 2019 ஜூனிலும் புதிய வெளிப்படுத்தல் விதிகள் வந்தன. கையில் ரொக்கம் எப்படி இருக்கிறது, எது நடந்தால் தரம் ஏறும் இறங்கும் என்றெல்லாம் எழுதவேண்டும். 2020 ஜனவரியில், ஆறு மாதத்துக்கு மேல் ஒத்துழைக்காதவரை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கவேண்டும் என்றார்கள்.

எனக்கு டேட்டாபேஸ் வேலை. அதில் 'நல்' வேறு, பூஜ்யம் வேறு. முதலாவது, தகவல் இல்லை. இரண்டாவது, தகவல் இருக்கிறது, மோசமாக இருக்கிறது. இரண்டையும் குழப்பும் புரோகிராமை நான் பாஸ் பண்ணமாட்டேன். மூலதன விதியோ, ரேட்டிங்கே இல்லாத நிறுவனக் கடனுக்குப் பொதுவாக 100 சதவீத எடை போடுகிறது, 'பிபி'க்கு 150. மாமா ரேட்டிங் பக்கமே போகாமல் இருந்திருந்தால் தேவலை. இன்னொரு பக்கமும் உண்டு. மூழ்கப்போகிறவர்கள் முதலில் நிறுத்துவது காகிதம் அனுப்புவதைத்தான். மௌனம் ஒரு அறிகுறி என்று செபி நினைத்ததில் தவறில்லை. மறைப்பவனையும் மறந்தவனையும் பிரித்துப் பார்க்க ஒருவர் புதுச்சத்திரம் வரவேண்டும். அதற்கான செலவை யாரும் தரத் தயாராக இல்லை. 91,000 கோடிக்காக வார்த்த அச்சில் கோழிப்பண்ணையையும் ஊற்றிவிட்டார்கள்.

மூன்று வருட பேலன்ஸ் ஷீட், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். கட்டணமும் கட்டினோம். நாலு மாதத்தில் அந்த வரி போனது. புது வங்கியின் கடன் அதற்குள் கைநழுவியிருந்தது. மக்காச்சோளம் விலை ஏறிய அந்த நாலு மாதமும் மாமா கைமாற்று வாங்கித்தான் ஓட்டினார், பழைய லாரி ஃபைனான்ஸ் நண்பர் ஒருவரிடம்.

"எனக்கு மார்க் போடறான், சரி. அவனுக்கு யாரு மார்க் போடறது?" என்று கேட்டார்.

அதற்கும் விதி இருக்கிறது என்று காட்டினேன். ஒவ்வொரு தரத்திலும் எத்தனை சதவீதம் பேர் பிறகு கடனைக் கட்டவில்லை என்று நிறுவனங்கள் வெளியிட்டாகவேண்டும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத யாராச்சும் படிக்கறாங்களா?"

அன்றுதான் நானே முதல்தடவையாகப் படித்தேன்.