ஸ்வீடனில் பணி அனுமதியும் சங்கத்தின் குரலும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஸ்வீடனின் தொழிற்சாலைகள் சேதமின்றி நின்றன. வேலை செய்யத்தான் ஆள் போதவில்லை. 1947இல் இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து தேர்ச்சி பெற்ற தொழிலாளர்களை அரசு வரவழைத்தது. தொழிற்சங்கங்கள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தன: வருகிறவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே கூலி. மலிவான உழைப்பு நுழைந்தால் எல்லோருடைய கூலியும் சரியும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

1960களில் யுகோஸ்லாவியாவிலிருந்தும் கிரீஸிலிருந்தும் பலர் தாமாகவே வந்து வேலை தேடினர். 1967இல் விதி இறுகியது. நோர்டிக் நாட்டவர் தவிர மற்றவர்கள் நாட்டுக்குள் நுழையுமுன்பே பணி அனுமதி பெற வேண்டும் என்றானது. சங்கம் ஆட்சேபித்தால் அனுமதி கிடைப்பது அரிது. 1972இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான எல்.ஓ., நோர்டிக் நாடுகளுக்கு வெளியிலிருந்து ஆளெடுப்பதற்கு எதிராக நின்றது.

இந்த வரலாற்றுக்குள் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வெளிநாட்டவரை அழைப்பதா, வீட்டிலிருக்கும் மணமான பெண்களை அழைப்பதா என்ற விவாதம் அன்று நடந்தது. 1971இல் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வருமான வரி வந்தது. குழந்தைக் காப்பகங்கள் பெருகின. ஸ்வீடன் பெண்களுக்கு இது உண்மையான வெற்றி. ஆனால் துணி ஆலைகளிலும் துப்புரவு வேலையிலும் உழைத்த புலம்பெயர் பெண்கள் சங்கத்தில் சந்தா கட்டினாலும், முடிவெடுக்கும் இடத்துக்கு அரிதாகவே வந்தார்கள். ஆய்வாளர் வுவொக்கோ க்னொக்கே 1980களில் இதைப் பதிவு செய்தார்.

2008 டிசம்பரில் சட்டம் மாறியது. ஆள் தேவையா என்பதை முதலாளியே முடிவு செய்யலாம். சங்கம் சம்பளத்தையும் பணி நிலைமைகளையும் பற்றிக் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். நம் ஊர்களிலிருந்து போகும் மென்பொருள் பொறியாளர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். உடன் செல்லும் மனைவிக்கும் வேலை செய்யும் உரிமை கிடைத்தது. அது சிறிய விஷயமல்ல.

2023 நவம்பரில் அனுமதிக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 13,000 குரோனரிலிருந்து 27,360 குரோனராக உயர்ந்தது. சுரண்டலைத் தடுக்கவும் தேர்ச்சி பெற்றோரை ஈர்க்கவும் என்றது அரசு. முதியோரைப் பராமரிப்பவர், அலுவலகம் துடைப்பவர் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தனர். பெண்கள் செய்வதாலேயே ஒரு வேலைக்குக் கூலி குறைகிறது. பிறகு கூலி குறைவு என்பதாலேயே அது திறனற்ற வேலை என்று எழுதப்படுகிறது.

சங்கத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்த ஆலோசனையில் துடைப்பம் பிடிக்கும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாளா என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.