பென்குவின் விளையாடிய கதை: லினக்ஸ் விளையாட்டுகளின் சிறு வரலாறு



கணினி விளையாட்டு என்றதுமே முகம் சுளிப்போர் நம்மில் பலர். பாட நேரத்தைத் தின்னும் பூதம் என்று ஆசிரியர் அறையிலும் பேசிக்கொள்கிறோம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் விளையாட்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தியும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சிறு படைப்பாளர்கள் வளர்த்த விளையாட்டுகளைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

தொடக்கம்

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில் லினக்ஸை இணையத்தில் அறிவித்தார். விரைவில் அது கட்டற்ற மென்பொருளாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பல்கலைக்கழகங்களிலும் இணைய வழங்கிகளிலும் லினக்ஸ் விரைந்து பரவியது. வீட்டுக் கணினிக்கு மட்டும் அது எளிதில் வந்து சேரவில்லை. ‘அதில் விளையாட்டு இல்லையே’ என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அக்குறையைப் போக்க முன்வந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998இல் தோன்றிய லோக்கி என்னும் நிறுவனம். அதனை நிறுவிய ஸ்காட் டிரேக்கர் ஒரு வழக்கறிஞர். விண்டோஸ் கணினிக்காக ஏற்கனவே வெளிவந்த புகழ்பெற்ற விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றிப் பெட்டியில் இட்டு விற்பதே அதன் தொழில். 1999இல் ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ முதலில் வந்தது, பிறவும் தொடர்ந்தன. ஆனால் லினக்ஸ் பயனர்களில் பலர் விண்டோஸையும் அதே கணினியில் வைத்திருந்தனர். மாதக்கணக்கில் காத்திருந்து அதே விளையாட்டை முழு விலைக்கு வாங்க எத்தனை பேர் வருவார்கள்? 2001இல் லோக்கி நொடித்துப்போனது. 2002 ஜனவரியில் கதவை மூடியது.

கடை மூடினாலும் கருவி மூடவில்லை

லோக்கியில் பணியாற்றிய சாம் லாண்டிங்கா, 1998இல் எஸ்.டி.எல். என்னும் நிரல் தொகுப்பை உருவாக்கத் தொடங்கியிருந்தார். விளையாட்டுக்கும் கணினிக்கும் இடையே நின்று திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர் அது என்று மாணவர்களுக்கு விளக்கலாம். அதனைப் பயன்படுத்தி எழுதிய விளையாட்டை விண்டோஸ், மெக்கின்டோஷ், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் கொண்டுசெல்வது எளிதாயிற்று. அது கட்டற்ற உரிமத்தில் வெளியானதால் நிறுவனம் வீழ்ந்தபோதும் கருவி வீழவில்லை. இன்றளவும் எண்ணற்ற விளையாட்டுகள் அதன்மேல் நிற்கின்றன. லோக்கியில் பணிபுரிந்த மற்றொருவரான ரயன் கோர்டன், பின்னாளில் சிறு படைப்பாளர்களின் விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்.

இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் விளையாட்டுகள் முளைத்தன. 2000ஆம் ஆண்டு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர் ஜாஸ்மின் பேட்ரி ‘டக்ஸ் ரேசர்’ விளையாட்டை வெளியிட்டார். லினக்ஸின் சின்னமாகிய பென்குவின் பனிமலையில் வயிற்றால் சறுக்கி மீன்களைச் சேகரிக்கும், அவ்வளவுதான். அந்த எளிமையே பலரையும் கவர்ந்தது. அதே ஆண்டு பிரான்சு நாட்டின் புருனோ கூதோவான், சிறுவர்களுக்கான ‘ஜிகொம்ப்ரி’யைத் தொடங்கினார். ‘எனக்குப் புரிந்தது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியே அதன் பெயர். எண், எழுத்து, வாசிப்பு, புதிர் என நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் உள்ளன. ஆரம்பப்பள்ளி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

2003இல் டேவிட் வைட் தொடங்கிய ‘வெஸ்நாத் போர்’ விளையாட்டுக்கு உலகெங்கும் தன்னார்வலர்கள் படம் வரைந்தனர், இசை அமைத்தனர், தத்தம் மொழிகளில் பெயர்த்தனர். ஆடியவர்களே குறைகளை விவாதித்தனர். விவாதித்தவர்களில் சிலரே அவற்றைத் திருத்தவும் செய்தனர். அதன் பணி இன்றும் தொடர்கிறது.

ஒரு காசுக்கும் மனம் வராதவர்கள்

2008இல் ‘2டி பாய்’ என்ற பெயரில் கைல் கேப்ளர், ரான் கார்மல் ஆகிய இருவர் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ விளையாட்டைப் படைத்தனர். பசை உருண்டைகளை இணைத்துக் கோபுரமும் பாலமும் கட்டும் விளையாட்டு அது. படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இன்றியே அதன் கணினிப் பதிப்பை விற்றனர். 2009 பிப்ரவரியில் லினக்ஸ் பதிப்பும் வந்தது.

2010 மே மாதம், வுல்ஃபயர் என்னும் சிறு நிறுவனத்தின் ஜெஃப்ரி ரோசன் ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ எனும் புதிய முயற்சியைத் தொடங்கினார். ஐந்து விளையாட்டுகள் ஒரே கட்டாக, மூன்று இயங்குதளங்களுக்கும் உரியவை, பூட்டு கிடையாது. விலையை வாங்குபவரே முடிவு செய்யலாம். ஒரு காசு கொடுத்தாலும் போதும். தொகையில் எவ்வளவு படைப்பாளருக்கு, எவ்வளவு அறப்பணிக்கு என்பதையும் அவரே பகிர்ந்தளிக்கலாம். மருத்துவமனைகளிலுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்கும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அவ்வறப்பணிகளுள் ஒன்று.

ஒரு வாரத்திற்குச் சற்றே கூடுதலான நாள்களில் 12 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கும் மேல் சேர்ந்தது. லினக்ஸ் பயனர்கள் தாமாக முன்வந்து கொடுத்த சராசரித் தொகை, விண்டோஸ் பயனர்கள் கொடுத்ததைவிடத் தெளிவாகவே உயர்ந்திருந்தது. ‘இலவசத்துக்குப் பழகியவர்கள் காசு கொடுக்கமாட்டார்கள்’ என்ற பழிச்சொல் அன்று பொய்த்தது. பத்து இலட்சத்தைத் தாண்டியதும் ‘லுகாரு’, ‘அக்குவாரியா’, ‘கிஷ்’, ‘பெனும்ப்ரா’ ஆகிய நான்கின் மூலநிரலையும் படைப்பாளர்கள் திறந்துவிட முன்வந்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதிவிறக்கியவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் அந்த ஒரு காசையும் செலுத்தவில்லை என வுல்ஃபயர் மதிப்பிட்டது. ஆயினும், கால் பங்கினருக்காக முக்கால் பங்கினர்மீது பூட்டுப் போட அவர்கள் இசையவில்லை.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் இதுவே. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குப் போலிக் குறுவட்டு வாங்கிய தலைமுறை நம்முடையது. வகுப்பில் இதைக் கூறியபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “சும்மா கிடைக்கும்போது ஏன் ஐயா கொடுத்தார்கள்?” என்று வினவினான். நான் விடை கூறுமுன், “செய்தவங்க பாவம் இல்லையா?” என்றாள் பக்கத்து இருக்கை மாணவி. நன்னெறிப் பாடத்தில் பல வாரம் நடத்த வேண்டியதை அச்சிறுமி மூன்று சொற்களில் முடித்துவிட்டாள்.

அதன் பின்னர்

2013இல் வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ விற்பனைத் தளம் லினக்ஸுக்கு வந்தது. 2018இல் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் ‘புரோட்டான்’ வெளியானது. 2022இல் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. இன்று லினக்ஸில் ஆட முடிந்த விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால், ‘புரோட்டான் இருக்கும்போது லினக்ஸுக்கெனத் தனிப்பதிப்பு எதற்கு?’ என்னும் வினாவும் உடன் எழுந்துள்ளது. நேரடிப் பதிப்பே நிலைக்கும் என்பர் ஒரு சாரார். ஆட முடிந்தால் போதும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நமக்கு என்ன?

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. சிறு படைப்பாளர் செய்தவை யாவும் சிறுவர்க்குரியவை அல்ல. ‘பெனும்ப்ரா’ திகில் விளையாட்டு. ‘லுகாரு’வில் முயல்கள் குருதி சிந்தப் போரிடும். ‘ஜிகொம்ப்ரி’, ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள். இயலுமாயின் உடன் அமர்ந்து ஆடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. கட்டற்ற விளையாட்டுகளில் பிழை கண்டவர், ‘என்ன செய்தேன், எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது’ என்று வரிசையாக எழுதி அனுப்புவது வழக்கம். தெளிவாக எழுதினால்தான் முன்பின் அறியாத ஒருவர் அதைப் படித்துத் திருத்த இயலும். இதையே தமிழில் பத்து வரிகளில் எழுதுமாறு என் மாணவர்களைப் பணித்தேன். ‘என் பொழுதுபோக்கு’ என்றால் நான்கு வரியில் நின்றுவிடும் பிள்ளைகள், இதற்கு ஒரு பக்கம் எழுதினர். எழுதுவதற்கு உண்மையான காரணம் இருந்தது, அவ்வளவே.

கடையில் வாங்கிய விளையாட்டை ஆட மட்டுமே முடியும். மூலநிரல் திறந்த விளையாட்டை ஆடலாம், அறியலாம், திருத்தலாம், தம்பிக்கும் கொடுக்கலாம். செய்தவருக்கு மனமுவந்து பொருளும் தரலாம். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை நம் பிள்ளைகளுக்கு அளிப்போம்.