பீரோ தீயைத் தாங்குமா? குறைந்த பட்ஜெட்டில் ஃபயர் சேஃப் வாங்கும் முன் இதைப் படிங்க!

உங்க வீட்டுக் கிரயப் பத்திரம் இப்போ எங்கே இருக்கு?

பெரும்பாலானவர்களின் பதில் இதுதான்: ``அம்மா ரூம் பீரோ, மேல் தட்டு, மஞ்சப்பைக்குள்ள.'' அதே பையில் உங்க பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், அப்பாவின் எல்.ஐ.சி பாண்டு, பாட்டியின் ரெண்டு வளையல், தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்த கொஞ்சம் பணம். பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது, சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அதனால் எல்லாம் பத்திரமாக இருப்பதாக நம்புகிறோம். திருடனைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. தீயைப் பொறுத்தவரை சரியில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஒரே இரவில் சுமார் 50 கடைகள் எரிந்தன. 2025 ஜூலையில் எம்.ஜி.ஆர் நகரில் கேஸ் சிலிண்டர்கள் வெடித்து, தொழிலாளர்கள் குடியிருந்த 42 தகர வீடுகள் சாம்பலாகின. முன்னறையில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் குடும்பங்கள் இங்கே ஏராளம். துணிக்கட்டு, பஞ்சுத் தூசி, பழைய ஒயரிங், சமையல் கேஸ் எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே!

சரி, ஒரு ஃபயர் சேஃப் வாங்கிடலாம்னு போனில் தேடினால், சில ஆயிரத்தில் தொடங்கி லட்சம் வரை நீள்கிறது பட்டியல். எதை எடுப்பது? கையில் இருக்கும் காசுக்குள் எப்படி முடிவு செய்வது?

பீரோ ஏன் போதாது?

காகிதம் எரிய அதன்மேல் நெருப்பு பட வேண்டும் என்பதில்லை. சுற்றியுள்ள சூடு சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கருகத் தொடங்கிவிடும். ஒரு அறை முழுவதும் தீப்பிடித்தால் வெப்பம் 600 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சேஃப்களைச் சோதிக்கும் உலையில் 30 நிமிடத்தில் சுமார் 840 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 925 டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள். பீரோவின் மெல்லிய இரும்புத் தகடு அந்தச் சூட்டை அப்படியே உள்ளே கடத்திவிடும். அடுப்பில் வைத்த மூடி போட்ட பாத்திரம் மாதிரிதான். மஞ்சப்பை உள்ளே வெந்துவிடும்.

ஃபயர் சேஃப் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதன் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் அல்லது ஒரு வகை கான்கிரீட் கலவையை நிரப்பியிருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவிகிதம் அதனுள் பிணைந்திருக்கும் நீர். சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறும். ஆவியாவதற்கே நிறைய வெப்பம் செலவாவதால், உள்ளே சூடு ஏறுவது தாமதமாகும். கதவு ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். சூடு பட்டதும் அது உப்பி, இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். ஒன்று, எந்த சேஃபும் தீயைத் தடுப்பதில்லை, நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். இரண்டு, அந்த நீர் ஒருமுறைதான். ஒரு தீயைப் பார்த்த சேஃப் அடுத்த தீக்கு உதவாது. எனவே, செகண்ட் ஹேண்டில் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் பெட்டியின் கதை தெரியாவிட்டால், விட்டுவிடுங்கள்.

முதலில் லிஸ்ட், அப்புறம் சேஃப்

பட்ஜெட்டை மிச்சப்படுத்தும் முதல் வேலை கடையில் இல்லை, வீட்டில். பீரோவில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றையும் `இது எரிஞ்சா திரும்பக் கிடைக்குமா?' என்று கேளுங்கள்.

தங்கம்: உருகவே சுமார் 1,064 டிகிரி வேண்டும். நகைத் தங்கம் அதைவிடக் கொஞ்சம் முன்னால் இளகும். அப்படியே உருகினாலும் தங்கம் தங்கம்தான். ஆனால் முத்து, பவளம், உள்ளே அரக்கு வைத்த நகைகள் தாங்காது. தங்கத்துக்குத் தேவை நல்ல பூட்டு.

ரூபாய் நோட்டு: 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஒரே துண்டாக மிஞ்சினால் முழு மதிப்பு, 40 முதல் 80 சதவிகிதம் என்றால் பாதி, அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. இது ரிசர்வ் வங்கி விதி. தொட்டால் உதிரும் அளவுக்குக் கருகிய நோட்டுகளைப் பக்கத்து பேங்க்கில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மார்க் ஷீட், ஆர்.சி புக், லைசென்ஸ்: டிஜிலாக்கரில் இருந்தால் பாதிக் கவலை போச்சு. அதில் அரசுத் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களாக போட்டோ எடுத்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

கிரயப் பத்திரம், உயில், பார்ட்னர்ஷிப் பத்திரம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் அடமானக் கடனுக்கு பேங்க் கேட்பது அசலைத்தான். பதிவு செய்யாத உயில் எரிந்தால் நகலுக்குப் போகவே இடமில்லை.

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ்: இவை காகிதத்தைவிட நோஞ்சான். சுமார் 52 டிகிரிதான் இவற்றுக்கான வரம்பு. காகிதத்துக்கான சேஃபில் இவை பிழைக்காது. டிசைன் ஃபைல், பில், கணக்கு எல்லாவற்றுக்கும் கிளவுடில் ஒரு காப்பி போதும்.

இப்போது பாருங்கள். ஃபயர் சேஃப் நிஜமாகவே தேவைப்படும் பொருள்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பீரோ சைஸ் சேஃப் வேண்டாம். ஏ4 காகிதம் மடங்காமல் படுக்கும் அளவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் என்ன இருக்கணும்?

`ஃபயர் ப்ரூஃப்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. மூன்று விவரம் வேண்டும்: எந்தத் தரச் சோதனை, எத்தனை நிமிடம், எந்தப் பொருளுக்கு?

அமெரிக்காவின் யூ.எல் 72 சோதனையில் `கிளாஸ் 350' என்றால் உள்ளே 350 ஃபாரன்ஹீட், அதாவது 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, காகிதத்துக்கானது. `கிளாஸ் 125' கணினிப் பொருள்களுக்கானது, விலையும் அதிகம். ஐரோப்பாவின் ஈ.என் 15659, சின்ன சேஃப்களுக்கு 30 நிமிடம், 60 நிமிடம் என்று தரம் தருகிறது. நம்ம ஊர் ஐ.எஸ் 550 முத்திரை சேஃபுக்கு நல்ல முத்திரைதான். ஆனால் அது முக்கியமாக உடைப்பதைத் தாங்கும் பலத்தைச் சொல்வது. அதைக் காட்டி `தீயும் தாங்கும்' என்று சொன்னால் தலையாட்டாதீர்கள்.

கடையில் தயங்காமல் கேளுங்கள்: ``ஏனுங்ணா, இது எத்தன நிமிஷம் தாங்கும்? டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் இருக்குதுங்களா?'' பதிலாக விளம்பர நோட்டீஸ் நீட்டப்பட்டால், அடுத்த கடை.

எடையும் ஒரு சாட்சி. நம்பர் பட்டன் வைத்த சாதாரண டிஜிட்டல் லாக்கரை ஒரு ஆளே அலேக்காகத் தூக்கிவிடலாம். அதே அளவு ஃபயர் சேஃப் சுவருக்குள் கலவை நிரம்பியிருப்பதால் பல மடங்கு கனக்கும். கதவைத் தட்டிப் பாருங்கள். `டங்'கென்று தகரம் மாதிரி ஒலித்தால், உள்ளே காற்றுதான்.

டிஜிட்டல் பூட்டு எடுத்தால், கூடவே மெக்கானிக்கல் சாவியும் இருக்க வேண்டும். தீயில் முதலில் உருகுவது அந்த பட்டன் போர்டுதான்.

எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கு!

1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல். உள்ளே பஞ்சுப் பொதிகள், வெடிபொருள்கள், தங்கக் கட்டிகள். பஞ்சில் பிடித்த தீ உள்ளுக்குள் கனன்றது. எவ்வளவு தண்ணீர் அடித்தும் அணையவில்லை. கடைசியில் கப்பலே வெடித்துச் சிதறியது. சிதறிய தங்கக் கட்டிகள் பல ஆண்டுகள் கழித்துத் தூர்வாரும்போதும் கிடைத்தன. தங்கம் மிஞ்சியது, பஞ்சு மிஞ்சவில்லை.

நமக்கான பாடம் அந்தப் பஞ்சுப் பொதியில் இருக்கிறது. பஞ்சும் பனியன் வேஸ்ட்டும் வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும், உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 30 நிமிட சேஃபோ, 60 நிமிட சேஃபோ அத்தனை நேரம் தாங்காது. நம் பட்ஜெட்டில் வேஸ்ட் குடோன் தீயைத் தாங்கும் சேஃப் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால், கூடுதலாகப் பணம் போட்டு நிமிடத்தைக் கூட்டுவதைவிட, இடத்தை மாற்றுவது லாபம். அதற்குச் செலவும் இல்லை. கம்பெனிப் பத்திரங்கள் துணி அடுக்கும் கட்டடத்தில் இருக்க வேண்டாம். வீட்டோடு சேர்ந்த யூனிட் என்றால், துணியும் சிலிண்டரும் கரன்ட் போர்டும் இல்லாத, கான்கிரீட் தரையுள்ள தரைத்தள மூலை நல்லது. வீட்டுப் பத்திரத்தின் நகல் கம்பெனியில், கம்பெனிப் பத்திரத்தின் நகல் வீட்டில் என்று மாற்றி வையுங்கள். ஒரே தீயில் ரெண்டும் போகாது.

சேஃபைத் தரையோடு போல்ட் போட, கம்பெனி கொடுத்த ஓட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். புதிதாக டிரில் போட்டால், அந்த வழியாகச் சூடு உள்ளே போகும்.

`பேங்க் லாக்கரே போதாதா?' என்றால், அசல் பத்திரத்துக்கும் நகைக்கும் அது நல்ல வழிதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பேங்க்கின் அலட்சியத்தால் தீயோ திருட்டோ நடந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அதன் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். துப்பாக்கியை பேங்க் லாக்கரில் வைக்க முடியாது. வீட்டில்தான் பூட்டி வைக்க வேண்டும். நீளத் துப்பாக்கிக்கு ஏற்ற ஃபயர் சேஃப் பெரிது, விலையும் பெரிது. அது கட்டுப்படியாகாவிட்டால் துப்பாக்கிக்கு உறுதியான இரும்பு கேபினெட், லைசென்ஸ் காகிதத்துக்குச் சின்ன ஃபயர் சேஃப் என்று பிரித்துக்கொள்ளலாம். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். சாவி குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

வாங்கிய பிறகு...

கலவையில் நீர் இருப்பதால் ஃபயர் சேஃபுக்குள் எப்போதும் லேசான ஈரப்பதம் இருக்கும். பத்திரம் பூசணம் பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் ஃபைல், லேமினேஷன் வேண்டாம். காகிதம் தாங்கும் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிறக் காகித உறையோ, அதே பழைய மஞ்சப்பையோ போதும்.

ஒருவேளை தீ வந்துவிட்டால், பெட்டியை எடுக்க உள்ளே ஓடாதீர்கள். அதற்காகத்தான் பெட்டியே வாங்கினோம். வெளியே வந்து 101-க்கு போன் போடுங்கள். தீ அணைந்ததும் உடனே கதவைத் திறக்கவும் கூடாது. உள்ளே சூடாக இருக்கும் காகிதத்தில் காற்று பட்டால் அப்போதும் பற்றிக்கொள்ளும். வெளித்தகடு முழுக்க ஆறும் வரை, குறைந்தது ஒரு நாளாவது பொறுங்கள்.

இப்போதைக்குக் காசே இல்லையா? இன்ஷூரன்ஸை நம்பி விட்டுவிட வேண்டாம். `பாரத் கிரஹ ரக்ஷா' மாதிரியான வீட்டு பாலிசி கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் பணம் தரும்; பத்திரத்துக்கும் ரொக்கத்துக்கும் தராது. ஆனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். மஞ்சப்பையைப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றுங்கள். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பாலிசி நம்பர் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி, ஊரில் இருக்கும் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். நகல் வாங்கப் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.

சேஃப் அடுத்த போனஸில் வரட்டும். அந்த லிஸ்ட் இந்த வாரமே தயாராகட்டும்!